ஜனவரியில் கை தூக்கியவர்கள் ஜூலையில் எங்கே?

கேள்வி: வட மாவட்டம் ஒன்றில் உள்ள பல்கலைக்கழகத்தில் நான் உதவிப் பேராசிரியர். எங்கள் விரிவாக்கப் பணிக் குழு மூன்று ஆண்டுகளாக ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் உள்ள நான்கு அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று, பிளஸ் டூ மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டி முகாம் நடத்திவருகிறது. ஜனவரியில் போய், "கல்லூரிக்குப் போக யாருக்கெல்லாம் விருப்பம்?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் கை தூக்குகிறார்கள். ஜூலையில் பார்த்தால் அவர்களில் பலர் எங்களிடமும் இல்லை, வேறெந்தக் கல்லூரியிலும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வம் போதாது என்கிறார்கள் உடன் பணிபுரிவோர். இந்த ஆண்டு ஆயிரம் மாணவர்களைப் பேருந்தில் வளாகத்துக்கு அழைத்துவந்து விழாவாக நடத்தலாம் என்கிறது நிர்வாகம். இதனால் பயன் உண்டா? நாங்கள் எதை மாற்ற வேண்டும்?

பதில்:

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு,

ஆர்வம் போதாது என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடுவோம். எல்லாரும் கை தூக்கினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியில் இருந்த ஆர்வம் ஜூலையில் காணாமல் போயிற்று என்றால், இடையிலுள்ள ஆறு மாதங்களில் என்ன நடந்தது என்றுதான் நாம் பார்க்க வேண்டும். உங்கள் முகாம் முடிந்து, நீங்கள் வண்டியேறித் திரும்பிய பிறகுதான் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான வேலை தொடங்குகிறது. அந்த வேலை நடக்கும் நாட்களில் நம்மில் ஒருவரும் அவர்கள் பக்கத்தில் இருப்பதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, எங்கள் கல்லூரியில் கலந்தாய்வு முடிந்து ஒன்பது நாள் கழித்து ஒரு தகப்பனாரும் மகளும் வந்தார்கள். ஜவுளிக்கடைப் பை ஒன்றில் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் லேமினேஷன் செய்து ஒழுங்காக அடுக்கிவைத்திருந்தார்கள். மதிப்பெண் நன்றாகவே இருந்தது. இணையத்தில் விண்ணப்பித்ததற்கான தாளும் இருந்தது. "கூப்பிடுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தோம் சார்" என்றார் தகப்பனார். அந்தத் தாளில் இருந்த கைப்பேசி எண்ணை என் போனிலிருந்து அழைத்துப் பார்த்தேன். எடுத்தவர், "பிரவுசிங் சென்டர், சொல்லுங்க" என்றார். வீட்டிலிருந்த போனுக்கு ரீசார்ஜ் செய்திருக்கவில்லை என்பதால், விண்ணப்பம் போட்ட அன்று ஓ.டி.பி. வருவதற்காகக் கடைக்காரர் தம் எண்ணையே கொடுத்து வேலையை முடித்துக்கொடுத்திருக்கிறார். அதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கலந்தாய்வுக்கு வரச்சொன்ன குறுஞ்செய்தியும் அவருடைய எண்ணுக்கே போயிற்று. அதைப் போன்ற செய்திகள் அவருக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வருகின்றன. மகள் கேட்டு வந்தது வேதியியல். அதில் இடம் தீர்ந்திருந்தது. வேறொரு துறையில் மிஞ்சியிருந்த ஓர் இடத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டோம்.

அவளுக்கு இடம் தவறியதற்கு ஆர்வமோ மதிப்பெண்ணோ காரணமல்ல. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பக் கட்டணம் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 50 ரூபாய்தான், பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய்தான் என்ற அளவில் இருந்த காலம் அது. ஆகவே பணமும் காரணமல்ல. ஒரு கைப்பேசி எண்ணால் நேர்ந்தது அது. உங்கள் முகாமில் இதைப் பற்றி எவராவது ஒரு சொல் சொல்லியிருப்பார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எண் இது, பெருமைக்குரியதும்கூட. ஆனால் மாநிலத்தின் சராசரி மலையேறிப் போய்ப் பார்ப்பதில்லை. மிஞ்சி நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும், வீட்டில் இதற்குமுன் ஒருவரும் கல்லூரி விண்ணப்பத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அவர்களுக்கு வாய்ப்புகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத்தேர்வு 2007-08ஆம் கல்வியாண்டிலிருந்து இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021ஆம் ஆண்டிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழோ ஒரு கடைசித் தேதியோ காவல் நிற்கிறது. பிள்ளைகள் தங்கிவிடுவது அங்கேதான்.

சான்றிதழைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் பள்ளிகள் மலைப்பள்ளிகள். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குச் சாதிச் சான்றிதழைத் துணை வட்டாட்சியர் நிலையிலேயே தந்துவிடுகிறார்கள். பட்டியல் இனத்தவருக்கு வட்டாட்சியர் தருகிறார். பழங்குடியினருக்கோ வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். விசாரணை நீளும். தகப்பனாருக்கோ உடன்பிறந்தவருக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் எளிது, இல்லையென்றால் நடைதான். ஒருமுறை மலையிலிருந்து இறங்கி ஏறினால் அன்றைய கூலி போயிற்று. இந்த வேலையை மே மாதத் தேர்வு முடிவுக்குப் பின் தொடங்குகிற குடும்பம், விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் அதை முடிப்பது அரிது. சான்றிதழ் இல்லாத பழங்குடிப் பிள்ளை பொதுப்பிரிவில் போட்டியிட நேர்கிறது, இடமும் உதவித்தொகையும் ஒருசேரக் கைநழுவுகின்றன. (இது தனிக்கதை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: மலையாளி என்ற பெயருடைய மலைவாழ் சமூகத்தவர் (கேரளத்தவர் அல்ல) உங்கள் பகுதியில் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள்; ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே பெயருடைய மக்கள், அந்தப் பட்டியல் மாவட்டவாரியாக அமைந்திருப்பதால் அதில் இல்லாமல், நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மாணவர்களின் பெற்றோரில் எவரேனும் அங்கிருந்து வந்து குடியேறியவராக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.)

முதல் பட்டதாரிச் சான்றிதழிலும், 7.5 விழுக்காட்டுக்கான பயின்றமைச் சான்றிதழிலும் வேறு வகைச் சிக்கல்கள். அந்த ஒதுக்கீட்டுக்கு 6ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆறாம் வகுப்பை மட்டும் அத்தை வீட்டில் தங்கி உதவிபெறும் பள்ளியில் படித்த பிள்ளை, தனக்கு அந்த ஒதுக்கீடு இல்லை என்பதை விண்ணப்பிக்கும் நாளில்தான் அறிகிறது. ஏழு ஆண்டுகளில் மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று தலைமையாசிரியர்களின் கையொப்பத்துக்கு அலைய வேண்டியிருக்கும். திட்டங்களின் விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன என்பதால், அந்தந்த ஆண்டின் அரசாணையை உங்கள் குழுவில் ஒருவர் முழுமையாகப் படித்துவைத்திருப்பது அவசியம். நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து மேடையில் பேசாதீர்கள்.

பொறியியல் கலந்தாய்வு இதைவிட நுட்பமானது. தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு அதை ஏற்பதா, மேலான இடத்துக்குக் காத்திருப்பதா என்பதை இரண்டே நாளில் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டிய ஊரில் இரண்டு நாள் என்பது எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்படி நேர்வது இங்கே மட்டுமல்ல. அமெரிக்காவில் ஒஹையோ, வட கரோலினா மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்தி 2012ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வருமான வரிக் கணக்கு எழுதித்தரும் நிறுவனம் ஒன்றின் அலுவலகங்களுக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, கல்லூரி உதவித்தொகைப் படிவத்தை அங்கேயே கூட உட்கார்ந்து நிரப்பிக்கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு, எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற விவரத்தை மட்டும் சொல்லி அனுப்பினார்கள். படிவம் நிரப்பித் தரப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரியில் சேர்வது 8 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது. விவரம் மட்டும் கேட்டுச் சென்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. நம் முகாம்களில் நாம் செய்துவருவது இந்த இரண்டாவது வேலையைத்தான். பள்ளி முடிப்பதற்கும் கல்லூரி திறப்பதற்கும் இடைப்பட்ட கோடையில் பிள்ளைகள் கரைந்துபோவதற்கென்றே அந்நாட்டுக் கல்வியாளர்களிடம் ஒரு பெயர் புழங்குகிறது என்பது, இது எவ்வளவு பரவலானது என்பதைக் காட்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சி ஒன்று உங்கள் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லத் தக்கது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு, "உனக்கு இடம் கிடைத்தால் நான்காண்டுக் கல்விக் கட்டணமும் இல்லை, இதற்காக நீ வேறு படிவம் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை" என்று உறுதி கூறும் கடிதத்தை அனுப்பினார்கள், பெற்றோருக்கும் பள்ளித் தலைமைக்கும் தனித்தனியே தெரிவித்தார்கள். ஏழை மாணவர்களுக்கு அந்த உதவி முன்பும் ஏறக்குறையக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. புதிதாக வந்தது உறுதி ஒன்றுதான். கடிதம் பெறாதவர்களில் 26 விழுக்காட்டினர் விண்ணப்பித்திருக்க, பெற்றவர்களில் 68 விழுக்காட்டினர் விண்ணப்பித்தார்கள். சேர்க்கையும் 12 விழுக்காட்டிலிருந்து 27 விழுக்காடாயிற்று.

"விடுதியும் சலுகையும் கிடைக்கலாம், வந்து பாருங்கள்" என்று நாம் சொல்கிறோமே, அந்த 'லாம்' விகுதியை நம்பிப் பெண்பிள்ளையை அறுபது கிலோமீட்டர் தள்ளி எந்தத் தாய் அனுப்புவாள்?

விடுதிதான் உங்கள் பல்கலைக்கழகத்தால் உடனடியாகக் கைவைக்கக்கூடிய இடம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர்க்கை, பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் நடக்கிறது. கல்லூரி திறப்பதற்கும் விடுதியில் இடம் கிடைப்பதற்கும் இடையே சில வாரங்கள் ஓடிவிடும். அந்த வாரங்களில் நாள்தோறும் பேருந்தில் வந்துபோக முடியாத பிள்ளை முதல் பத்து நாள் வந்துவிட்டுப் பிறகு நின்றுவிடுகிறது. நம் பதிவேட்டில் அது 'இடைநிற்றல்' என்று ஏறுகிறது. வளாக விடுதியில் இருபது இடங்களையாவது அந்த இடைக்காலத்துக்கென ஒதுக்கி, அதைச் சேர்க்கை நாளிலேயே எழுத்தில் கொடுக்க உங்கள் துணைவேந்தரை ஒப்புக்கொள்ளச் செய்தீர்களானால், பத்து விழாக்களால் ஆகாதது ஆகும்.

பேருந்து விழாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வளாகத்தைப் பார்ப்பது நல்லதுதான், நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆயிரம் பேராக அழைத்துவந்து அரங்கில் உட்காரவைத்தால், அவர்கள் பார்த்துவிட்டுப் போவது முன்வரிசையின் முதுகையும் உங்கள் பொன்னாடையையும்தான். அழைப்பதென்றால் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழையுங்கள். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுக்கிறார்கள் என்பதிலேயே பாதி விதி எழுதப்பட்டுவிடுகிறது. கணிதம் எடுக்காதவரிடம் பொறியியலைப் பற்றி இரண்டு ஆண்டு கழித்துப் பேசிப் பயனில்லை. சிறிய மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை என்பதால், பத்தாம் வகுப்பு முடிவு வருமுன்னரே எந்தப் பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறது, அங்கே விடுதி உண்டா என்று சொல்ல ஓர் ஆள் தேவை. நாற்பது பேராக, பெற்றோரில் ஒருவரோடு அழைத்துவாருங்கள். அரங்கைத் தவிர்த்துவிட்டு ஆய்வகம், நூலகம், விடுதிச் சமையற்கூடம், பெண்கள் கழிப்பறை ஆகியவற்றைக் காட்டுங்கள். தாய்மார்கள் கடைசி இரண்டையும்தான் உற்றுப் பார்ப்பார்கள் என்பது என் அனுபவம். உங்கள் இயற்பியல் துறைக்கு விருப்பமிருந்தால், அதே ஜவ்வாது மலைத்தொடரில் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் காட்ட ஒருநாள் அழைத்துப்போகலாம். தங்கள் மலைக்கே விண்மீன் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் ஏறிவருகிறார்கள் என்பதை அந்தப் பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கட்டும்.

பள்ளிக்கு நீங்கள் போகும்போது யாரை அனுப்புகிறீர்கள் என்பதையும் மாற்ற வேண்டும். சேர்க்கைப் பிரிவின் எழுத்தர் ஒருவரை அனுப்புங்கள். எந்தத் தாளில் எந்தப் பிழை இருந்தால் விண்ணப்பம் திரும்பும் என்பது ஊக்கப் பேச்சாளரைவிட அவருக்கு நூறு மடங்கு தெரியும். ஆதாரில் ஓர் எழுத்தும் மதிப்பெண் பட்டியலில் வேறு எழுத்தும் இருப்பது, தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறியிருப்பது, பள்ளியில் தொடங்கிய வங்கிக் கணக்கு பயன்படுத்தாமல் முடங்கிக் கிடப்பது, உதவித்தொகை வந்து சேரும் கணக்கோடு ஆதார் இணைக்கப்படாமல் இருப்பது ஆகியவற்றை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கூடவே, அதே ஊரிலிருந்து வந்து உங்களிடம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தியை அனுப்புங்கள். அவள் பேசும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். உங்களிடம் "ஸ்கோப் இருக்கா மேடம்?" என்று கேட்பவர்கள், அவளிடம் "முதல் மாசம் அழுதியா அக்கா?" என்று கேட்பார்கள்.

இன்னொரு செய்தி, சற்றுக் கசப்பானது. மே மாதத்தில் தனியார் கல்லூரிகள் தங்கள் ஆசிரியர்களுக்கு இலக்கு வைத்துப் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்பும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஊரில் அதற்குப் 'பிள்ளை பிடிப்பது' என்று பெயர். உங்கள் பணி அதிலிருந்து வேறுபட வேண்டுமானால், "உனக்கு எங்கள் பல்கலைக்கழகம் பொருந்தாது, பக்கத்திலிருக்கும் அரசுக் கல்லூரிதான் நல்லது" என்றோ, "பாலிடெக்னிக்கில் சேர்" என்றோ சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும். உங்கள் காலியிடங்களை நிரப்புவதை வெற்றி என்று நிர்வாகம் கணக்கிட்டால் பள்ளி ஆசிரியர்கள் உங்களையும் அந்த வரிசையில்தான் வைப்பார்கள். கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்குக் காட்டப் புகைப்படம் வேண்டும் என்பதை நானும் அறிவேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கில் எழுத வேண்டியது, அந்தப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த ஒவ்வொருவரும் அக்டோபர் மாதத்தில் எங்கே இருக்கிறார் என்பதே.

இதில் அரசோடு போட்டியிட வேண்டாம். 2022ஆம் ஆண்டில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்காகவும், அதன்பின் வந்த உயர்வுக்குப் படி முகாம்கள் எங்கும் சேராமல் நின்றவர்களைத் தேடிப்பிடிப்பதற்காகவும் அமைந்தவை. எங்கும் சேராதவர் யார் என்பது பள்ளித் தலைமையாசிரியருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரியும். அவர்களோடு சேர்ந்து, அந்தப் பட்டியலில் உங்கள் நான்கு பள்ளிகளின் பெயர்களுக்கு மட்டும் பொறுப்பெடுத்துக்கொள்ளக் கேளுங்கள். பிள்ளைகளின் தொலைபேசி எண்களை வாட்ஸ்அப் குழுவில் கொட்டாதீர்கள். மாணவியரின் எண்கள் ஓர் ஆசிரியையிடம் மட்டும் இருக்கட்டும்.

சேர்ந்த பிறகு முதல் பருவத்தில் ஆங்கிலவழிப் பாடத்தில் மூச்சுத் திணறுவதைப் பற்றியும் எழுத நினைத்தேன். அது நீண்ட கதை. இப்போதைக்கு ஒன்று: சேர்க்கையின்போது உடன் நின்ற அதே ஆசிரியர் நவம்பரில் முதல் பருவத் தேர்வு முடியும்வரை அந்தப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை பார்க்கட்டும். புதிதாக ஒரு குழுவும் ஒரு பெயர்ப்பலகையும் அதற்கு வேண்டாம்.

நான்கு பள்ளிகளையும் இந்த ஆண்டே மாற்ற முயலாதீர்கள். மலைமேல் உள்ள ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் சாதிச் சான்றிதழ் யாரிடம் இல்லை என்ற பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு, கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருநாள் பள்ளியிலேயே முகாம் வைக்கக் கேட்டு, பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு கடிதம் கொடுங்கள். ஒரு மாணவர் தனியாகக் கேட்டால் நகராத கோப்பு, பதிவாளர் கையொப்பத்தோடு போகும்போது நகர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விழாவுக்கென ஒதுக்கிய பேருந்துச் செலவில் ஒரு பகுதியை எடுத்து, ஜூன், ஜூலை மாதங்களில் அந்தப் பள்ளியின் கணினி அறையில் வாரம் மூன்று நாள் உட்காரும் ஒருவருக்கு ஊதியமாகக் கொடுங்கள். விண்ணப்பத்தில் பிள்ளையின் சொந்த எண்தான் இருக்கிறதா என்று பார்ப்பதை அவருடைய முதல் வேலையாக வைத்துவிடுங்கள்.